நான் மாத்தின கேஸ்கட்

ஒனிஹங்கா போகும் ரயிலில் எனக்கு முன்னால் இரண்டு யாழ்ப்பாணத்துக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்தக் கிழவரைக் கள்ளன் எண்டு அவற்ற பெண்சாதிக்கு முன்னாலயே கத்திப்போட்டன்," என்றார் மூத்தவர்.

"ஏன் அண்ணை?"

"அவர் எனக்கு வித்த பழைய எட்டு சிலிண்டர் வி-எய்ட் கார் டிக்டிக் எண்டு சத்தம் போட்டுது. எஞ்சின் பழுது எண்டு நினைச்சன்."

"பிறகு?"

"எக்ஸோஸ்ட் புகைக்குழாய் மூட்டில வைக்கிற கேஸ்கட்தான் கசிஞ்சது. அது கார் வாங்கினாப்பிறகு நான் மாத்தினது. மலிவெண்டு பேப்பர் கேஸ்கட் போட்டனான். ஓடிச் சூடாறினாப்பிறகு போல்ட்டைத் திரும்ப இறுக்கவும் இல்லை. செம்பு கேஸ்கட் போட்டு இறுக்கினோடன சத்தம் நிண்டிட்டுது."

"அவரிட்டச் சொன்னனீங்களோ?"



"ஞாயிற்றுக்கிழமை ஏவன்டேல் சந்தையில அவரைக் கண்டனான். இன்னும் சத்தம் வருதோ எண்டு கேட்டார்."

"என்ன சொன்னீங்கள்?"

"ஓம், கொஞ்சம் எண்டன். அவர் என்னட்ட மன்னிப்புக் கேட்டார்."