பதினஞ்சு அடித் தண்ணி

...உபதேசம் பண்ண எனக்கு வராதுங்க. அதுக்குப் பதிலா, என் கையால நடந்த ஒன்னைச் சொல்லிப்போடறேன். சின்னதுதான். உங்க டீ ஆறதுக்குள்ள முடிச்சிருவேன்.

இங்க உக்காந்திருக்கிற, போர்க்குழி போடற ரிக் வண்டிக்காரங்க பாதிப் பேரு, அடுத்த வாரம் ஆப்பிரிக்காவுக்குக் கப்பல்ல வண்டி ஏத்தறீங்க. சந்தோசம். நானும் போனேன், இருபத்திரண்டு வருசத்துக்கு முந்தி. ஆப்பிரிக்கான்னா நம்ம சேலம் ஜில்லா மாதிரி, கொஞ்சம் பெருசா இருக்கும்னு நெனச்சுட்டுப் போனவன் நான்! அது எம்மாம் பெருசு தெரியுங்களா? ஒரு பக்கம் மழை விடாத காடு. ஒரு பக்கம் மணல்... மணல்... மணலேதான். கிழக்கால பூமி நீளவாட்டுல பொளந்து இறங்கி, அந்தப் பள்ளத்துக்குள்ள ஏரியும் எரிமலையும் கிடக்குது. மேட்டுல நின்னு பாத்தப்போ கையைத் தட்டிட்டேன். சாமி, இத்தனை நாளா இதையெல்லாம் எங்கிட்டக் காட்டாம வெச்சிருந்தியேன்னு கேட்டேன்!

நாங்க போன இடத்துல ஒரு ஆறு. ஆறுன்னா தண்ணி ஓடாது. வருசத்துல பத்து நாள் வெள்ளம், மீதி நாளெல்லாம் மணல். போன வருசம் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகினதும் நான் மேப்புல தேடினது அந்த ஆத்தைத்தான். இருக்குதுங்க! நீலக் கோடு... ஆனா முழுக்கோடு இல்லை, விட்டு விட்டுப் போட்டிருக்குது. எப்பவும் ஓடாத ஆத்தை அப்படித்தான் போடுவாங்களாம். கோடு போட்டவனுக்கு அது தெரிஞ்சிருக்கு. தோண்டப் போன எனக்குத் தெரியலை.

அந்த மணல்ல ஒரு கிணறு. கையால தோண்டினது. பதினஞ்சு அடியில தண்ணி. நாப்பது குடும்பம், முந்நூறு ஒட்டகம், எல்லாத்துக்கும் அது ஒன்னுதான். அடுத்த கிணறு மூணு நாள் நடை. கூட ஒரு போர் இருந்தா கோடையில ஆகும்னு எங்களைக் கூட்டியாந்திருந்தாங்க.

அந்தக் கிணத்தைப் பாத்துக்க ஒரு பெரியவர். பேரு குயோ. 'கிணத்துக்கு அப்பன்'னு ஜனம் கூப்பிடும். யாரு முன்ன இறைக்கணும், எந்த ஒட்டகம் எப்போ குடிக்கணும்னு முறை வெக்கிறவர் அவர்தான். நாங்க ரிக்கை நிறுத்தினதும் வந்தாரு. கைக்கம்பால மணல்ல ஒரு குத்துக் குத்தி என்னமோ சொன்னாரு. எங்க டிரைவர் மாரப்பன் நாலு வருசமா அங்கயே இருந்தவன். பாசை தெரியும்.

'என்னப்பா சொல்றாரு?'

'மணலுக்கு அடியில வெள்ளைக் களிமண்ணு தட்டாட்டம் இருக்குதாமுங்ணா. தண்ணி அதும்மேலதான் உக்காந்திருக்குதாம். தட்டை ஓட்டை பண்ணீராதீங்க, அதுக்கு மேலயே நிறுத்திக்குங்கங்கறாரு.'

'எத்தனை அடியில?'

'இருபது இருக்குமாமுங்ணா.'

நான் என்ன பண்ணினேன்? சிரிச்சேன்! 'இருபதடிக்கு ரிக் எதுக்கப்பா? கரண்டி போதுமே! எங்கூர்ல ஆயிரத்தி இருநூறு அடி பாத்தவன்னு சொல்லு!'

மாரப்பன் சொன்னான். குயோ என்னை ஏற இறங்கப் பாத்தாரு. ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. 'அத்தனை ஆழம் போனீங்களே... மேல இருந்த தண்ணி என்னாச்சு?'

நான் திரும்பிப் போய்க் கம்ப்ரசரை முடுக்கிவிட்டேன். அந்தச் சத்தத்துல அவரு கேள்வி அமுங்கிப்போச்சு.

மணல் சரியாம இருக்கக் கேசிங் பைப்பை இறக்கி ஓட்டினேன். ரெண்டாவது ராடுக் கம்பி இறங்கறப்பவே களிமண்ணு வெள்ளையா, பிசுபிசுன்னு வந்துச்சு. நிறுத்தினேனா? நம்ம கை நிக்குமா? பாறையிலயே பழகின கையாச்சே. தண்ணி வரலைன்னா இன்னொரு நூறு... இன்னொரு நூறு... அறுநூறு அடி போட்டேன். வந்தது புழுதி.

அதுக்கப்புறம் செஞ்சதுதானுங்க பாவம். போர் பெயிலாச்சுன்னா நாம என்ன செய்வோம்? கேசிங்கை உருவிக்குவோம். அடுத்த போருக்கு ஆகும். இங்க உருவினா குழி வாயில நாலு கூடை மண்ணு சரியும், அவ்வளவுதான். அங்க? மணல்ல இருந்த தண்ணிக்கும் அந்த அறுநூறடிக் குழிக்கும் நடுவுல நின்னதே அந்தப் பைப்புதான். அதை உருவிட்டு, மேல ஒரு கல்லை வெச்சுட்டு, சோறாக்கப் போயிட்டோம்.

மறுநாள் காலையில கிணத்துக் கயிறு எட்டலை. ஒரு முழம் சேத்துக் கட்டினாங்க. சாயங்காலம் இன்னும் ரெண்டு முழம். 'மாரப்பா, நம்ம குழிதான்டா குடிக்குது!'ன்னு ஓடினேன். இருந்த ஆறு மூட்டை சிமெண்டைக் கொட்டினோம். கல்லு, சாக்கு, என் போர்வை... எல்லாத்தையும் முழுங்குச்சு. நாலாம் நாள் கிணத்துல சேறு.

குயோ எட்டிப் பாத்தாரு. திட்டலை. திட்டியிருந்தாத் தேவலைங்க. கடைசியா ஒரு வாளி வந்துச்சு, கலங்கலா. அந்தக் கிணத்து முறை என்ன தெரியுங்களா? வெளியூர்க்காரன் இருந்தா அவனுக்குத்தான் மொத வாய். வாளியை எங்கிட்ட நீட்டினாரு.

'வேண்டாமுங்க, கொழந்தைங்களுக்குக் குடுங்க'ன்னு கும்பிட்டேன்.

மாரப்பன் காதோரமாச் சொன்னான். 'வாங்கிக்குங்ணா. இந்தக் கிணத்துல அவரு வெக்கிற கடைசி முறைங்ணா இது.'

வாங்கினேன்... குடிச்சேன். நாப்பது குடும்பமும் பாத்துட்டு நின்னுச்சு.

அன்னைக்கே அவங்க அடுத்த கிணத்துக்குக் கிளம்பிட்டாங்க. எங்க கேன்ல இருந்ததையெல்லாம் கொழந்தைங்களுக்குக் கட்டிக் குடுத்தோம். மூணு நாள் நடைக்கு அது எம்முட்டுத் தூரத்துக்கு வரும்?

இப்போ நீங்க சொல்லுங்க. அது மழை பண்ணின தப்பா? பூமி பண்ணின தப்பா? ஒவ்வொரு மண்ணும் தண்ணியை ஒவ்வொரு இடத்துல வெச்சிருக்குது. பாறைக்காடு ஆழத்துல ஒளிக்கும். மணல்காடு கை எட்டற தூரத்துல ஏந்திட்டு நிக்கும். எல்லா மண்ணும் நம்ம மண்ணுன்னு நெனச்சு நான் துளைச்சேன். பெரிய கண்டமுங்க அது. நூறடிக்கு ஒரு குணம் மாறும். அங்கயே பொறந்தவனுக்குத் தெரிஞ்சது, நம்ம மிசினுக்குத் தெரியாது.

அங்க பைப்பை உருவாதீங்க. குழியை அடைச்சுட்டு வாங்க. அந்தப் பக்கம் போனா, அந்த ஜனத்துக்கிட்ட எனக்காக மன்னிப்புக் கேக்காதீங்க. கேட்டாக் குடுத்துருவாங்க. அவ்வளவு நல்ல ஜனம். எத்தனை அடின்னு மட்டும் கேளுங்க... அவங்க சொன்ன அடியில நிறுத்துங்க. அது போதுமுங்க.