முன்பின் மாற்றிப் பொருத்திய பூட்டு

பூட்டு வாங்கப் போகிறவர்கள் முதலில் கதவின் கனத்தை அளந்துகொண்டு போக வேண்டும். பாதிப் பேர் அதைச் செய்வதில்லை. படத்தைப் பார்த்து மயங்கி எதையோ வாங்கி வந்துவிட்டு, எப்படியாவது பொருத்திக் கொடுங்கள் என்று என்னைக் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடமாகக் கதவு மாட்டுகிறவன் நான். நான் மாட்டிய கதவு தரையில் உரசுகிறது என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. இன்ஸ்பெக்டர் மேடம், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். காலையிலிருந்து நீங்கள் கேட்கிற கேள்விகளைப் பார்த்தால், நான் ஏதோ வேலையில் கோட்டைவிட்டவன் என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது.

போன வருடம் என் மனைவி சொல்லாமல் கொள்ளாமல் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். நான்கு நாள். நானே போய் அழைத்து வந்தேன். கை ஓங்கவில்லை, ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. பேருந்தில் ஜன்னலோர இருக்கையைக்கூட அவளுக்குத்தான் கொடுத்தேன். மச்சினியிடமே கேட்டுப் பாருங்கள், அவளுக்கு என்னைக் கண்டால் ஆகாது, ஆனாலும் பொய் சொல்ல மாட்டாள். பதினெட்டு வருடம் குடும்பம் நடத்திய வீட்டை ஒருத்தி இழுத்துச் சாத்திவிட்டுப் போக முடிகிறது என்றால், குறை கதவில்தான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

அதனால் ஸ்மார்ட் லாக். மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒன்றில் எண் மட்டும்தான். எண்ணை யாரும் எட்டிப் பார்த்துவிடலாம். இன்னொன்று விரலைக் கண்டதும் திறந்துவிடும், வீட்டுக்காரனை ஒரு வார்த்தை கேட்காது. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. விரல் வைத்தால் அது என் போனைக் கேட்கும். திரையில் பச்சையில் ‘சரி’, சிவப்பில் ‘வேண்டாம்’. நான் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் பதில் சொல்லலாம். மின்சாரம் போனாலும் பேட்டரியில் ஓடும்.

கடைக்காரர் நல்ல மனிதர். விரல் வைக்கிற தகடு வாசல் பக்கம், கையால் திருகித் திறக்கிற குமிழ் வீட்டுப் பக்கம் என்று காட்டினார். மாற்றிப் பொருத்தலாமா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “அப்படிப் பண்ணினா உள்ள இருக்கறவங்க எப்படிங்க வெளிய வருவாங்க?” என்றார். நானும் சிரித்தேன்.

மாற்றிப் பொருத்துவது லேசான வேலை இல்லை. பூட்டின் நாக்கைத் திருப்பிப் போட வேண்டும், கதவில் துளையை மேலே ஏற்ற வேண்டும். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. குமிழ் இப்போது வாசல் பக்கம் வந்துவிட்டது இல்லையா, போகிற வருகிறவன் திருகிவிடக் கூடாதே. அதைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தைப் பித்தளைத் தகடு வைத்து மூடினேன். என் மனைவிதான் திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். விரல் வைக்கிற தகடு எதற்கு உள்பக்கம் என்று கேட்டாள். இதுதான் புது மாடல் என்றேன். அடுத்த திருகாணியை எடுத்துக் கொடுத்தாள்.

ஏழு மாதம் ஒரு குறையும் இல்லை. அவள் விரல் வைப்பாள், நான் போனில் எதற்கு என்று கேட்பேன், கடைக்கு என்பாள், சரி என்று அழுத்துவேன். திரும்பி வந்து வாசலில் நின்று கூப்பிட்டால் போனிலேயே திறந்துவிடுவேன். நியாயமான காரணம் எதையும் நான் மறுத்ததில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேட்டரி மாற்றினேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குடும்பத்தைப் பார்த்துக்கொண்டவன் மேடம் நான்.

அன்று ஒரு பல் மருத்துவமனையில் கதவு மாட்டிக்கொண்டிருந்தேன். காலையில் கிளம்பும்போதே கட்டிலுக்கு அடியில் பெட்டியைப் பார்த்துவிட்டேன். கட்டி வைத்திருந்தாள். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பதினொரு மணிக்குப் போன் கேட்டது. வேண்டாம் என்றேன். உடனே மறுபடி கேட்டது. அதற்கும் வேண்டாம்.

பிறகு எதிர்வீட்டு டெய்லரம்மா கூப்பிட்டார். எங்கள் சமையலறை ஜன்னலில் கரும்புகை வருகிறதாம், ஃபிரிட்ஜ் பக்கம் நெருப்பு தெரிகிறதாம், கதவில் கைவைக்க ஒன்றுமே இல்லையே, எப்படித் திறப்பது என்று பதறினார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஜன்னல் கம்பிகளும் நான் போட்டவைதான். அவற்றை யாரும் பெயர்க்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

அடுத்தது அவளே கூப்பிட்டாள். இருமினாள். கத்தவில்லை. அவள் எப்போதும் கத்துகிறவள் இல்லை.

“திறந்து விடுங்க. நான் எங்கயும் போகலங்க. வாசல்லயே நிக்கறேன்.”

“பெட்டி கட்டினவ பேச்சை எப்படி நம்பறது?” என்று கேட்டேன்.

அதற்குப் பிறகு போன் ஐந்து முறை கேட்டது. என் போனிலிருந்து நீங்கள் எடுத்து வைத்திருக்கும் பட்டியலில் நேரத்தோடு இருக்கும். கடைசி இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி அதிகம். கீல் ஒன்றில் மூன்று திருகாணி பாக்கி இருந்தது, அதை முடுக்கிவிட்டுத்தான் கிளம்பினேன். பாதியில் விட்டால் கதவு தொங்கிவிடும்.

பதற்றத்தில் விரல் தவறிப் பட்டுவிட்டது என்று சொல்லச் சொல்கிறார் வக்கீல். பூசி மெழுகுகிற பழக்கம் எனக்கு இல்லை. என் விரல் தவறாது. பச்சை எங்கே, சிவப்பு எங்கே என்று எனக்குத் தெரியும். வீடு எரிகிறது என்று தெரிந்துதான் ஐந்து முறை சிவப்பை அழுத்தினேன். பூட்டில் பழுது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நெருப்பு அணைந்த பிறகும் அது வேலை செய்தது, உங்கள் ஆட்களுக்கு நான்தான் போனில் திறந்துவிட்டேன்.

மச்சினி வெளியே உட்கார்ந்து, அக்காவை நான் கொன்றுவிட்டதாகச் சொல்லி அழுகிறாளாம். அவளிடம் ஒன்று சொல்லுங்கள். அக்காவை அழைத்துக்கொண்டு போகத்தானே அன்று மத்தியானம் கார் பேசி வைத்திருந்தாள். நான் திறந்திருந்தால் போயிருப்பாள். என் மனைவி என்னை விட்டுப் போய்விட்டாள் என்று இன்றைக்கு ஒருவராலும் சொல்ல முடியாது.