விதிவிலக்குப் பட்டியலில் ஒரு வரி

பொலிஸுக்காக மொழிபெயர்க்க வந்திருக்கும் சாருஜா என்ற பிள்ளை, தனக்குத் தமிழ் வாசிக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்று சொன்னார். அதனால் எழுத்தைப் பெரிதாக, இடம்விட்டு எழுதுகிறேன். வாயால் சொல்லலாம்தான். ஆனால் நான் பிரெஞ்சு பேசினால் கோபக்காரன் போலவும், ஆங்கிலம் பேசினால் எதையோ ஒளிப்பவன் போலவும் இருக்கும் என்று என் மனைவி வதனி சொல்வாள். தமிழில் எழுதினால் அந்தக் கரைச்சல் இல்லை, சார்ஜன்.

என் பெயர் ஆனந்தராசா. வயது நாற்பத்தாறு. பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம். நான் வேலை செய்யும் நிறுவனம் இருதய நோயாளிகளின் வீடுகளில் ஒரு சிறிய பெட்டியை வைக்கிறது. நோயாளியின் நெஞ்சில் ஒட்டியிருக்கும் கருவி துடிப்பில் பிழை கண்டால் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி இணையம் வழியாக எங்கள் மையக் கணினியான சேர்வருக்குச் சொல்லும். சேர்வர் அம்புலன்ஸைக் கூப்பிடும். வருகிற அழைப்பு உண்மையாகவே அந்த வீட்டிலிருந்துதான் வருகிறதா என்று சரிபார்க்கும் பகுதியை எழுதியவன் நான்.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு பெட்டி தொடர்பு கொள்ளும்போது அதனுடன் ஒரு முகவரி வரும், வெறும் இலக்கங்களாக. அது யாருடையது என்று சேர்வர் இணையத்தின் பொதுப் பதிவில் கேட்கும். ஒரு பெயர் கிடைக்கும். பலர் அதோடு நிறுத்திவிடுவார்கள். அது பெரிய பிழை. முகவரியை வைத்திருப்பவர் அதற்கு விரும்பிய பெயரை எழுதிவைக்கலாம். முன்பு வைத்திருந்துவிட்டுப் போனவருடைய பெயர் அழிக்கப்படாமல் கிடக்கவும் கூடும். எங்கள் வீட்டுத் தபால் பெட்டியில் இன்றைக்கும் முன்பு குடியிருந்த கிரேக்கரின் பெயர்தான் ஒட்டியிருக்கிறது. ஆகவே கிடைத்த பெயரை வைத்து மறுபடியும் கேட்க வேண்டும்: இந்தப் பெயருக்கு உரிய முகவரி எது? அதே இலக்கங்கள் திரும்பி வந்தால் நம்பலாம். வராவிட்டால் இணைப்பை மறுக்க வேண்டும்.

இந்த இரண்டாவது கேள்வியை நான் ஒருபோதும் விட்டதில்லை. அலுவலகத்தில் என்னைப் பகிடி பண்ணுவதும் இதற்காகத்தான். அதில் முன்னுக்கு நின்றவன் றொஷான்.

"ஆனந்தண்ணன் கண்ணாடிக்கு முன்னால நிண்டாலும் ஐடி கேட்டுத்தான் தலை இழுப்பார்" என்பான்.

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

றொஷான் மட்டக்களப்பான். முப்பத்தெட்டு வயது, மணமுறிவு ஆனவன், லவாலில் தனியாக ஒரு சிறிய வீட்டில் இருந்தான். எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வருவான். பதின்மூன்று வருடக் குடித்தனத்தில் வதனி என் பேச்சுக்குச் சிரித்த நாட்களை விரல்விட்டு எண்ணலாம். இவன் வாசலில் நின்று சப்பாத்துக் கழற்றும்போதே அவள் குசினியில் சிரிக்கத் தொடங்கிவிடுவாள்.

"வதனியக்கா, இந்த மனிசனோட எப்பிடிக்கா காலம் தள்றீங்க?"

"பழகிப்போச்சு, றொஷான்" என்பாள் அவள்.

அக்கா என்று கூப்பிடுவது ஒரு வசதி. அந்தச் சொல்லுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒருவன் எந்த வீட்டுக்குள்ளும் வரலாம். எனக்குப் பொறாமை இருந்தது; அதை ஒளிக்க ஒன்றுமில்லை. அவன் போன பிறகும் அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு அரை மணித்தியாலம் இருக்கும். நான் ஏதாவது கேட்டால் போய்விடும். சில நாட்களில் அது எவ்வளவு நேரம் தங்குகிறது என்று பார்ப்பதற்காகவே நான் ஒன்றும் பேசாமல் இருந்திருக்கிறேன்.

வீட்டில் படங்களைச் சேமிக்க ஒரு சிறிய கணினி வைத்திருக்கிறேன். வதனியின் போன் எங்கே இருந்தாலும் அதனுடன் தொடர்பு கொண்டு படங்களை அனுப்பும். யார் எங்கிருந்து தொடர்பு கொண்டார்கள் என்று கணினி எழுதி வைக்கும். ஒக்டோபரில் அந்தப் பதிவை வாசிக்கத் தொடங்கினேன். செவ்வாயும் வியாழனும் மத்தியானம் ஒரு மணிக்குப் பிறகு அவளுடைய போன் ஒரு முகவரியிலிருந்து வந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் கிடைத்த பெயர், ஆங்கில எழுத்தில், 'றொஷான்-வீடு'. செவ்வாயும் வியாழனும் றொஷான் வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்கள்.

வதனி எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கார்டெறியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், குழந்தைகளைப் பார்க்கிறாள். அன்று பின்னேரம் கேட்டேன்.

"மத்தியானம் எங்கை நிண்டனீர்?"

"வேலையிலதான். வேற எங்கை?"

"வெளியில போகேல்லையோ?"

"பிள்ளையள் படுத்திருக்க நான் எங்கை போறது? உள்ளறைக்குள்ள இருந்து பிள்ளையளின்ர பதிவுப் போம் நிரப்பினனான். ஏன் கேக்கிறியள்?"

சும்மா கேட்டேன் என்றேன். அவள் பதில் தடுமாறாமல் வந்தது. தடுமாறாத பதிலும் சந்தேகத்துக்கு உரியது என்று அப்போது எனக்குப் பட்டது. தடுமாறியிருந்தால் அதையும் குறித்து வைத்திருப்பேன்.

நவம்பரில் றொஷானுக்கு நெஞ்சில் சத்திரசிகிச்சை நடந்தது. நிறுவனம் அவனுக்கும் ஒரு பெட்டி கொடுத்தது. வதனி கிழமைக்கு இரண்டு தரம் சாப்பாடு கட்டி என்னிடம் தந்துவிடுவாள்.

"இதை றொஷானிட்டக் குடுங்கோ. உப்புப் போடேல்லை எண்டு சொல்லுங்கோ. மெல்லிசாய்த் தேசிக்காய் விட்டிருக்கிறன்."

எனக்கும் பிரஷர் இருக்கிறது, சார்ஜன். ஆறு வருடமாக மாத்திரை எடுக்கிறேன். என் கறியில் ஒரு நாளும் உப்புக் குறைந்ததில்லை. ஒரேஞ்சு மெற்றோ ரயிலில் அந்தச் சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு லவாலுக்குப் போவேன். ஒருநாள் திறந்து ஒரு கரண்டி சாப்பிட்டுப் பார்த்தேன். உப்பில்லாமலும் நன்றாக இருந்தது. அது எனக்கு மிகவும் வலித்தது.

நிறுவனத்தின் பெட்டியை அவன் கட்டிலருகே பொருத்தியதும் நான்தான்.

"அண்ணன், இது வேலை செய்யுமா? நம்பி நித்திரை கொள்ளலாமா?"

"பச்சை லைற் எரிஞ்சாப் போதும். பயப்பிடாமல் படும்" என்றேன்.

அந்தப் பச்சை விளக்கு, வீட்டில் இணையம் இருக்கிறது என்பதை மட்டும்தான் காட்டும். சேர்வர் ஏற்றுக்கொள்கிறதா என்று காட்டாது. நான் சொன்னதை அவன் நம்பினான். தலையணையைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தேன்.

றொஷானின் வீட்டு இணையம் லவாலில் ஒரு சின்ன நிறுவனத்தினுடையது. மலிவானது. அவர்கள் பெயர்களை ஒழுங்காகப் பதிவதில்லை. இரண்டாவது கேள்விக்கு அவர்களுடைய முகவரிகள் சரியான பதில் தருவதில்லை. இப்படியான வீடுகளுக்காக எங்களிடம் ஒரு விதிவிலக்குப் பட்டியல் இருக்கிறது. அதில் முகவரி இருந்தால் சேர்வர் கேள்வி கேட்காமல் உள்ளே விடும். நவம்பரில் றொஷானின் முகவரியை நான் அதில் சேர்த்தேன். ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை எடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் எல்லாப் பெட்டிகளும் ஒரு சோதனை அழைப்பு அனுப்பும். அவனுடையதும் அனுப்பியது, ஏற்கப்பட்டது. பின்னேரம் மூன்று மணிக்கு அந்த வரியை அழித்தேன். அடுத்த சோதனைக்கு ஏழு நாள் இருந்தது. நான் சட்டத்துக்குப் புறம்பாக ஒன்றும் எழுதவில்லை. விதியை அவனுக்கும் விதியாக்கினேன், அவ்வளவுதான். அப்படித்தான் அன்று எனக்கு நானே சொன்னேன். வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

வியாழன் காலை பத்து இருபதுக்கு, அலுவலகத் திரையில் அவனுடைய முகவரி வந்தது. பக்கத்தில் 'மறுக்கப்பட்டது' என்று இருந்தது. பெட்டி முப்பது செக்கனுக்கு ஒருமுறை மீண்டும் முயலும். மறுபடி வந்தது. மறுபடி மறுக்கப்பட்டது. கையருகே தொலைபேசி இருந்தது. நான் எழும்பித் தேத்தண்ணி போட்டேன். திரும்பி வந்தபோது பதினொராவது வரி. சீனி போட மறந்துவிட்டேன் என்று திரும்பவும் போனேன். நாற்பது தடவை முயன்ற பின் பெட்டி நின்றுவிடும். அந்த எண்ணைத் தீர்மானித்த கூட்டத்தில் நானும் இருந்தேன். இருபது நிமிடத்துக்குப் பிறகு கூப்பிட்டு என்ன பயன் என்று யாரோ சொன்னார்கள்.

நாற்பதாவது வரிக்குப் பிறகு ஐந்து நிமிடம் காத்திருந்தேன். பிறகு அழித்த வரியைத் திரும்ப எழுதினேன். பட்டியல் பட்டியலாக இருக்க வேண்டும். அதைத்தான் எங்கள் அலுவலகத்துக் கஜந்தினி பிறகு கண்டுபிடித்தார். மாற்றங்களுக்கும் ஒரு பதிவு இருப்பது எனக்குத் தெரியாததல்ல. கெட்டிக்காரப் பிள்ளை. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

என் சட்டத்தரணி இந்த விஷயத்தில் கொஞ்சம் நம்பிக்கையோடு இருக்கிறார். நீங்கள் விசாரித்து அறிந்ததுதான் அவருக்கும் கிடைத்தது. றொஷான் முன்பு பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்தபோது ஒரு இணையக் கொம்பனியிடம் நிலையான ஒரு முகவரி வாங்கி, அதற்கு 'றொஷான்-வீடு' என்று பெயர் வைத்திருந்தான். லவாலுக்கு மாறியபோது அந்தப் பெயரைப் புது வீட்டு முகவரிக்குத் திருப்பிவிட்டு, பழைய முகவரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அதை அந்தக் கொம்பனி வதனியின் கார்டெறிக்குக் கொடுத்தது. அந்த முகவரிக்குப் பக்கத்தில் இருந்த பழைய பெயரை யாரும் அழிக்கவில்லை. வதனி உள்ளறையில் இருந்து போம்தான் நிரப்பியிருக்கிறாள். வேலையில் அவள் போனை ஓன் பண்ணுவது பிள்ளைகள் படுத்திருக்கும் அந்த நேரம் மட்டும்தானாம். அவளுக்கு அங்கே வேலை செவ்வாயும் வியாழனும்.

ஆகவே சட்டத்தரணி சொல்லச் சொல்வது இது: வாழ்நாள் முழுவதும் இரண்டாவது கேள்வி கேட்டவன், பொறாமையில் கண் மறைந்து, தன் சொந்த வீட்டு விஷயத்தில் மட்டும் அதைக் கேட்க மறந்துவிட்டான். நீதிமன்றத்துக்கு இது புரியும் என்கிறார்.

வதனியும் அதைத்தான் நம்புகிறாள். போன கிழமை இங்கே வந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டாள்.

"நான் அங்கை போனனான் எண்டோ நினைச்சனீங்கள்?"

"ஓம்."

"ஒரு வார்த்தை வடிவாய்க் கேட்டிருக்கலாமே. நான் கார்டெறிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருப்பனே."

தன்மேலும் பிழை என்று நினைக்கிறாள். முதல் நாளே சந்தேகம் என்று விளங்கியிருக்க வேண்டும் என்றாள். பதின்மூன்று வருடத்தில் முதல் தடவையாக, அவள் என்னைப் பற்றி மட்டும் யோசித்துக்கொண்டு என் முன்னால் இருந்தாள். நான் அவளைத் திருத்தவில்லை.

ஆனால் உங்களிடம் பொய் எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒரு வேலையை அரைகுறையாகச் செய்தவன் என்று என் பெயர் கோப்பில் இருக்கக்கூடாது. என் வீட்டுக் கணினியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள். ஜனவரி ஒன்பதாம் திகதி காலை ஏழு மணிக்கு நான் கொடுத்த கட்டளைகளைப் பாருங்கள். 'றொஷான்-வீடு' என்ற பெயருக்கு உரிய முகவரி எது என்று கேட்டிருக்கிறேன். லவாலின் இலக்கங்கள் வந்தன. வதனியின் போன் வந்த இலக்கங்கள் வரவில்லை. அன்று மத்தியானம் கார்டெறி வாசலில் நின்று, என் போனில் அவர்களுடைய இணையத்தில் சேர்ந்தும் பார்த்தேன். கடவுச்சொல் வதனியின் குறிப்புப் புத்தகத்தில் இருந்தது. வதனியின் போன் வந்த அதே முகவரி. யன்னலால் அவள் தெரிந்தாள். ஒரு சின்னப் பெடியனுக்கு மேலங்கி போட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் போயிருந்தால், திட்டியிருக்கலாம், அழுதிருக்கலாம், அவனை அடித்திருக்கலாம், விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவள் போகவில்லை. யாரும் ஒரு பிழையும் செய்யவில்லை. அப்படியென்றால் அந்தச் சிரிப்பை நான் என்ன செய்வது? உப்பில்லாத அந்தக் கறியை என்ன செய்வது? நான்கு நாள் யோசித்தேன். ஐந்தாம் நாள்தான் அந்தத் திங்கட்கிழமை.

றொஷான் குற்றமற்றவன் என்று தெரிந்துகொண்டுதான் அவனைக் கொன்றேன். இதில் மறதி இல்லை.

ஒரேயொரு உதவி கேட்கிறேன். சாருஜா இதை மொழிபெயர்த்து முடித்ததும், இந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் வதனிக்குக் காட்டாமல் வைத்திருங்கள். தன்னைச் சந்தேகித்தவனை அவள் காலப்போக்கில் மன்னித்துவிடுவாள்; வெளியே வந்த பிறகு நாங்கள் ஒன்றாக இருக்க வேண்டியவர்கள்.