மாப்பிள்ளைக்குச் செய்து கொடுத்த மெத்தை

எனக்குப் படுத்தவுடன் தூக்கம் வந்துவிடும். தலை தலையணைக்குப் போய்ச் சேர்வதற்குள் குறட்டை தொடங்கிவிடுகிறது என்று என் மகள் சொல்வாள். தெருவில் போகிற லாரிகள் பயந்து ஒதுங்குகின்றன என்று நான் சேர்த்துக்கொள்வேன். இந்த வயதில் காலையில் துள்ளிக்கொண்டு எழுவது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. என்ன செய்வது, நான் மெத்தைக்காரன். ஓய்வு பெறும்வரை மெத்தைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். என் மெத்தைகளில் படுத்தவர்களை வரிசையாகக் கிடத்தினால் நிலாவுக்குப் போய்த் திரும்பி வரலாம்.

தூக்கத்தைப் பற்றி எல்லோரும் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எட்டு மணி நேரம் கண்ணை மூடிக் கிடந்தால் களைப்பு போய்விடுமாம். கண் தூங்கிவிடும், இடுப்பு தூங்க வேண்டாமா? மெத்தை ஒரு பக்கமாகத் துளி சரிந்திருந்தால் போதும், உருண்டுவிடாமல் இருக்க உடம்பு விடிய விடியப் பிடித்துக்கொண்டே கிடக்கும். தூங்குகிறவனுக்கு அது தெரியாது. காலையில் மூட்டை தூக்கியவன் மாதிரி எழுந்திருப்பான்.

என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே பெண். அவள் அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் அளந்துவிடுகிற கதைகளுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க அவளை விட்டால் எனக்கு ஆளில்லை. "வாயைத் தெறந்தா பொய்தானாப்பா?" என்பாள். எனக்கு யாரும் அதைவிட நல்ல பட்டம் கொடுத்ததில்லை. கல்யாணமானதும் மாப்பிள்ளையும் எங்கள் மாடியிலேயே குடிவந்தார். கட்டட வேலையில் கிரேன் ஓட்டுகிறவர். தங்கமான பிள்ளை. நிலாக் கதையைச் சொன்னபோது, "ஆளுக்கு ஆறடின்னு வச்சாக்கூட வராதே மாமா?" என்று கேட்டார். அதையும் நான் பெரிதுபடுத்தவில்லை.

ஒரு நாள் சாப்பிடும்போது விஷயத்தை எடுத்தார். தூரத்து ஊரில் பெரிய கிரேன், இரட்டைச் சம்பளம், கம்பெனியே வீடு தரும். நேரில் போய் ஓட்டிக் காட்டித் தேற வேண்டும், அவ்வளவுதான். நான் மகளின் முகத்தைப் பார்த்தேன். அவள் அதற்குள் மனசுக்குள் அந்த வீட்டுக்குத் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை," என்றேன். "உங்க ரெண்டு பேருக்கும் என் கையால ஒரு மெத்தை செஞ்சு தரேன். போற எடத்துக்கும் எடுத்துட்டுப் போங்க."

பழைய தொழிற்சாலையில் ஒரு மேசையை ஒழித்துக் கொடுத்தார்கள். மகளின் பக்கத்துக்கு இருப்பதிலேயே நல்ல ஸ்பிரிங்குகளைப் போட்டேன். மகாராணிகூட அப்படிப் படுத்திருக்க மாட்டாள். மாப்பிள்ளையின் பக்கம்தான் வேலை வாங்கியது. வலிக்கக் கூடாது. வலித்தால் முதலில் மெத்தையைத்தான் சந்தேகப்படுவார்கள். இடுப்புக்கு அடியில் தளர்ந்த ஸ்பிரிங், தோளுக்கு அடியில் அழுத்தமான கம்பளிப் பட்டை, வெளிப்புறமாக ஒரு விரல் கனத்துக்குச் சரிவு. கையால் தடவினால் ஒன்றும் தெரியாது. திருப்பிப் போட்டால் கெட்டுவிடும் என்று சொல்லிவைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நுணுக்கமான மெத்தை நான் செய்ததில்லை. நான்கு பேருக்குக் காட்ட முடியவில்லையே என்று வருத்தம்தான்.

சீக்கிரமே மாப்பிள்ளை மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கத் தொடங்கினார்.

"நல்லாத்தான் தூங்கறேன் மாமா. எழுந்தா அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு."

"காலையில வெயில்ல நடங்க. டீயைக் குறைங்க. படுக்கும்போது போனைத் தூர வச்சுடுங்க," என்றேன்.

பாவம், எல்லாவற்றையும் செய்தார். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு எதிலும் குறையில்லை என்றார். பிறகு ஏதோ கொடுக்க வேண்டுமே என்று சத்து மாத்திரை கொடுத்தார். மகளுக்குத்தான் பொறுமை போனது.

"எட்டு மணி நேரம் தூங்கிட்டுக் கொட்டாவி விடறீங்களே. நானும் அதே மெத்தையிலதானே படுக்கறேன்? எனக்கு எதாவது ஆச்சா?"

மெத்தைக்கு அதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்? மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். தன்னையே சோம்பேறி என்று நம்பத் தொடங்கியிருந்தார்.

ஓட்டிக் காட்டப் போன இடத்தில், கூப்பிட்டபோது பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாராம். இரக்கமுள்ள கம்பெனி, இன்னொரு தேதி கொடுத்தது. பகலில் அவர்கள் வேலைக்குப் போன பிறகு நான் மாடிக்கு ஏறித் தையலைப் பிரித்து இன்னொரு பட்டையை வைத்துத் தைத்தேன். அவர் தேறக் கூடாது, அவ்வளவுதான் என் நினைப்பு. அவர் தினமும் எவ்வளவு உயரத்துக்கு ஏறுகிறார் என்பது என் யோசனையிலேயே இல்லை என்று சொல்லலாம். சொன்னால் பொய். இருந்தது.

அந்தத் தேதிக்கு முன்பே அது நடந்துவிட்டது. கிரேன் ஏணியில் பாதிவரை ஏறியவர் நின்று, கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாராம். ஏதோ யோசிக்கிறார் என்று கீழே இருந்தவர்கள் நினைத்தார்களாம். அப்புறம் கை விட்டுவிட்டது.

நான் நிஜமாகவே அழுதேன். விசாரிக்க வந்தவர்களிடம், பையன் ஓய்வே எடுக்க மாட்டான் என்றேன். எழுதிக்கொண்டு போனார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு மகள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் அந்த ஊருக்குப் போறேன்பா. ஏதாவது வேலை தேடிக்கறேன். அவர் ஆசைப்பட்ட ஊரு."

"போயிட்டு வாம்மா," என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

பெட்டியை எடுத்துத் திறந்துவைத்தாள். அது இன்னும் திறந்தேதான் இருக்கிறது. இப்போது அவள் மெத்தையில் அவர் படுத்திருந்த பக்கம் படுக்கிறாள். தலையணையில் அவர் வாசனை போய்விடுமோ என்று பயமாம். காலையில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வருகிறாள்.

"நல்லாத்தான் தூங்கறேன்பா. ஆனா ஒரு துணியை மடிக்க முடியல. நாளைக்குப் பெட்டி கட்டறேன்."

"அவசரமே இல்ல கண்ணு. நல்லா தூங்கு, எல்லாம் சரியாயிடும்."

கதை சொன்னால் முன்புபோல் சிரிப்பதில்லை. ஆனால் எழுந்து போகவும் தெம்பில்லை என்பதால் கடைசிவரை கேட்கிறாள். அந்தப் பக்கம் படுக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். புருஷன் படுத்த இடத்தை அவளிடமிருந்து பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. போகாதே என்றும் இதுவரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பெற்ற பிள்ளையைக் கட்டிப்போடுகிற தகப்பன் நான் இல்லை.