அஞ்சு மணிக்குக் கூப்பிடற மாத்திரைப் பொட்டி

…இல்லம்மா, பேட்டரியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. விடிகாலை அஞ்சு மணிக்கு டாண்ணு பேசுது. "ஐயா, மாத்திரை நேரம், கட்டைவிரலை வைங்க"ன்னு கூப்பிடுது. யாரு வைக்கிறது? அவர் கண்ணு முழிக்கவே எட்டரை ஆகும். அரை மணி நேரம் பாக்குது, அப்புறம் பூட்டிக்குது. நான் விரலை வெச்சா, "மன்னிக்கவும், நீங்க அவர் இல்லை"ங்குது. நாப்பத்தோரு வருஷம் குடித்தனம் பண்ணினவகிட்ட சொல்ற பேச்சா இது?

ரெண்டு நாளா பிரஷர் மாத்திரை உள்ள போகலை. இருந்த மாத்திரையெல்லாம் அதுக்குள்ளதான் போட்டு வெச்சிருக்கு; மூடி வழியா தெரியுது, எடுக்கத்தான் முடியலை. நேத்து சுத்தியலைக்கூட தூக்கிட்டேன். அப்புறம்தான் மனசு கேக்காம உங்களுக்குப் போன் பண்ணினது.

நீ ரிப்பேருக்கு வந்தவ, உன்னைச் சொல்லலை. உங்க கம்பெனி ஆளுங்க ரெண்டு பேர் போன வருஷம் வந்தாங்களே, அவங்களைச் சொல்றேன். ஒரு பொண்ணு நோட்டோட, ஒருத்தர் கேமராவோட. வீட்டுல எப்படி மாத்திரை சாப்பிடறாங்கன்னு நேர்ல பாத்து, அதுக்கேத்த மாதிரி பொட்டி செய்யப் போறாங்களாம். சரி, வர்றவங்க சொல்லாம வரக் கூடாதா? ஒரு வாரம் முந்தியே போன் பண்ணிட்டாங்க. ஒரு வாரம் குடுத்தா வீடு வீடாவா இருக்கும்? ஜன்னல் திரையெல்லாம் துவைச்சேன். கட்டில் பக்கத்துல கிடந்த வாளி, ரப்பர் ஷீட்டு, துணி எல்லாம் குளியலறைக்குள்ள போச்சு. அவருக்குச் சட்டை மாட்டி, நாற்காலியில உக்கார வெச்சு, வலது கை மேல செய்தித்தாளை விரிச்சுட்டேன்.

அந்தப் பொண்ணு சொல்றா, "நாங்க இங்க இல்லைன்னு நினைச்சுக்கிட்டு வழக்கம்போல செய்யுங்கம்மா." இருக்கிற துளி சமையலறையில ரெண்டு பேர் நிக்கிறாங்க, இல்லைன்னு நினைக்கணுமாம். வழக்கம்னா, பொடி பண்ணி, தேன்ல குழைச்சு, ஊட்டி, வழியறதைத் துடைக்கிறது. அதைக் கேமரா முன்னால செய்வேனா?

எத்தனை மணிக்கு எந்திரிப்பார்னு கேட்டா. அஞ்சுன்னேன். நடக்கப் போவார்னேன். மாத்திரை? அவரே எடுத்துப் போட்டுக்குவார், என்னைத் தொடவே விட மாட்டார்னேன். அதெல்லாம் பொய்யில்லம்மா… மூணு வருஷம் பழசு, அவருக்குப் பக்கவாதம் வர்றதுக்கு முந்தினது, அவ்வளவுதான்.

அவளும் குனிஞ்ச தலை நிமிராம எழுதிக்கிட்டே இருந்தா. ஒரே ஒரு தடவை நிமிந்து, "ஐயா, உங்களுக்கு எது கஷ்டம்"னு என்னைக் கேக்காம அவரைப் பாக்கறா. அவர் வாயைத் திறந்தார். வார்த்தை வர அவருக்குக் கொஞ்ச நேரமாகும். அதுக்குள்ள நான், "ஒரு கஷ்டமும் இல்லைம்மா"ன்னுட்டேன். அதையும் எழுதிக்கிட்டா.

முந்தாநாள் பொட்டி வந்தப்போ, வலது கட்டைவிரல் ரேகை வேணும்னாங்க. வாசல்லயே வாங்கிக்கிட்டு, நானே உள்ள கொண்டுபோய், மடங்கின விரலை ஒவ்வொண்ணா பிரிச்சு… முகத்தைச் சுளிச்சார், பாவம். இடது கை நல்லாத்தான் இருக்கு. இடது விரலை வைக்கலாமான்னு நான் கேட்டிருந்தா, ஏன்னு சொல்லணுமே.

என்ன எழுதற? "பொட்டி பழுது"ன்னா?

அதை அடிச்சிடும்மா. பழுதுன்னா இதே மாதிரி இன்னொண்ணு அனுப்புவாங்க. அதுவும் அஞ்சு மணிக்கு அவரைக் கூப்பிடும். முதல்ல இன்னிக்கு மாத்திரையை எடுத்துக் குடுத்துடு. அப்புறம் உள்ள வா. இன்னிக்கு எதையும் எடுத்து வைக்கலை, வாடை அடிக்கும். கேக்கறதை அவர்கிட்டயே கேளு. பதில் வர நேரமாகும், அவசரப்படாதே.

நான் இங்க கதவோரமா நிக்கிறேன். வாயைத் திறக்க மாட்டேன்.