ஒழுகாத மூலைகள்

கூரையும் சுவரும் சேருகிற மூலையை ஒழுங்காக முடிக்க ஒரு முழு நாள் வேண்டும், ஐயா. அவசரப்பட்டால் முதல் மழையிலேயே ஒழுகும். முப்பது வருடம் படகுப் பட்டறையில் இருந்தவன் நான். ஆர்லன் கை பட்டால் ஒழுகாது என்று இந்த மினசோட்டா பக்கம் எனக்குப் பேர் உண்டு.

அதனால்தான் டுவேன் என்னைக் கூப்பிட்டான். டுவேன் என் தங்கை மார்லிஸின் புருஷன். குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் உட்கார்ந்து, காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற சின்னக் கேம்பிங் வண்டி ஒன்றைத் தன் கையாலேயே கட்டியிருந்தான். உள்ளே ஒரு மெத்தை, ஒரு கேஸ் ஹீட்டர், அவ்வளவுதான். ப்ளைவுட் வேலை சுமார். மூலைகளில் விரல் நுழைகிற இடைவெளி.

"மச்சான், மூலைய மட்டும் நீ முடிச்சுக் குடுத்துடு. எனக்கு அது கைவராது."

"அது மட்டுமா கைவராது?" என்றேன். சிரித்தான். அவனுக்கு எதைச் சொன்னாலும் சிரிப்புத்தான்.

அந்தச் சிரிப்பைப் பன்னிரண்டு வருடமாகப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருக்கிறேன். என் மகன் டெரிக்கை ஒரு டிசம்பர் மாதம், உறைந்த ஏரிக்கு மீன் பிடிக்கக் கூட்டிப் போனவன் டுவேன்தான். பனிக்கட்டி மேலேயே பிக்கப் வண்டியை ஓட்டினான். நடு ஏரியில் பனிக்கட்டி உடைந்து வண்டி உள்ளே போனது. டுவேன் கதவைத் திறந்து குதித்துவிட்டான். டெரிக்கை மறுநாள் மத்தியானம் கொக்கி போட்டு எடுத்தார்கள். பத்தொன்பது வயது.

அதற்கப்புறம் டுவேன் அந்த நாளைப் பற்றி வாயே திறக்கவில்லை. "என் புள்ளையக் கொன்னுட்டு வந்து நிக்கிறியே" என்று என் மனைவி முகத்துக்கு நேரே கத்தியபோதும் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அடுத்த வருடம் அவள் என்னை விட்டுப் போய்விட்டாள். அவன் மட்டும் மீன் பிடித்தான், சிரித்தான், வண்டி கட்டினான்.

சரி, வேலைக்கு வருகிறேன். விளிம்பைத் தேய்த்து, இடைவெளிகளை அடைக்க மக்குப் பசை வைத்தேன். காய்ந்ததும் மறுபடி தேய்த்தேன். அதன் மேல் ரப்பர் பிசின் பட்டை, அதற்கு மேல் மூலையை மூடுகிற அலுமினிய ஆங்கிள், நாலு விரலுக்கு ஒரு ஸ்க்ரூ. பிதுங்கிய பிசினைத் தகட்டால் வழித்தெடுத்தேன்.

பின்பக்க மூலைகள் இரண்டிலும் டுவேன் காற்றுத் துளை விட்டிருந்தான். ஹீட்டர் எரியும்போது உள்ளே படுத்திருப்பவர்கள் மூச்சு விட அது ஒன்றுதான் வழி. "அத மட்டும் அடைச்சிடாத மச்சான்" என்று இரண்டு தரம் சொன்னான். வெளியேயும் உள்ளேயும் வலையும் மூடியும் அழகாகப் பொருத்தினேன். மக்கைத் துளைக்குள்ளே நடுவில்தான் வைத்தேன். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் துளை துளையாகவே தெரியும்.

வேலைக்கு நடுவில் ஒரு தரம் அவன் பேச்செடுத்தான். "மச்சான், அன்னிக்குக் காலைல போன்ல நீ..."

"அந்த ஸ்க்ரூ டப்பாவ எடு" என்றேன். எடுத்துக் கொடுத்தான்.

டுவேனோடு மார்லிஸும் ஏரிக்குப் போவதாகவே இல்லை, முதுகுவலி என்று சொல்லியிருந்தாள். மே மாதம் மீன்பிடி சீசன் திறக்கிற சனிக்கிழமைக்கு முந்தின நாள், எலுமிச்சைக் கேக் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்தாள்.

"நானும் போறேண்ணே. நீ முடிச்ச வண்டியாச்சே, படுத்துப் பாக்க வேணாமா?" வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "ராத்திரி குளிருமாண்ணே?"

"ஒரு பொட்டுக் காத்து உள்ள வராது. நல்லாத் தூங்கலாம்."

அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் டுவேனும் பிழைத்துவிடுவான். அதனால் கேக்கில் ஒரு துண்டை எடுத்துத் தின்றேன். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்கரையில் இரண்டு பேரையும் பிணமாக வெளியே எடுத்தது நீங்கள்தான். முந்தின நாள் கொட்டோ கொட்டென்று மழை. வண்டிக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை என்று உங்கள் போலீஸ்காரரே எழுதியிருக்கிறார். பார்த்தேன். ஆமாம், நான்தான் செய்தேன்.

போனில் என்ன என்று கேட்கிறீர்கள். அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. அன்று விடிகாலையில் ஏரிக்குப் போய்ப் பனிக்கட்டியை அளந்தவன் நான். கரையோரம் ஒரே ஒரு துளை போட்டுப் பார்த்தேன். அந்தக் குளிரில் நடு ஏரிவரை யார் நடப்பது? "பன்னெண்டு அங்குலம் கனம் இருக்கு, வண்டியோடவே போங்க" என்று டுவேனுக்கு போன் செய்தேன். அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை, என் மனைவி கத்தியபோதுகூட. மார்லிஸிடம் சொல்லியிருந்தானோ என்னவோ.

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. என் மகனைக் கொன்றவன் டுவேன்தான். இல்லையென்று சொல்ல இனி யாரும் இல்லை.