உயர்த்திப் பிடித்த டார்ச் விளக்கு

வெயில் தாழும் முன்பே வந்து, இந்தப் பாராட்டு விழாவுக்குத் தலைமை தாங்கும் வர்த்தகர் சங்கத் தலைவர் முத்துராமன் அவர்களே, போட்ட மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருக்கும் இயக்குநர், என் பேரன் உதயசூரியனே, அவனைப் பெற்று இன்றைக்கு முன்வரிசையில் கண் கலங்கி உட்கார்ந்திருக்கும் என் தங்கை மகள் பிரகதாம்பாளே, கோட்டை மதில் ஓரமாக நிழல் தேடி ஒதுங்கியிருக்கும் பெரியோர்களே, பள்ளிவாசல் தெருவிலிருந்து வந்திருக்கும் என் சிநேகிதர்களே, வல்லத்திராக்கோட்டையிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே, யாரும் உட்காரச் சொல்லாததால் மேடை ஓரத்தில் நின்றுகொண்டே இருக்கும் பிள்ளை கலைமதியே, உங்கள் அத்தனை பேரையும் இந்தச் சேவுகன் கைகூப்பி வணங்குகிறேன்.

எனக்கு எழுத்து வராது. பேங்கில் இன்றைக்கும் கைநாட்டுதான். ஆனால் தமிழ் வரும். கண் வழியாக வந்த தமிழ் இல்லை, காது வழியாக வந்த தமிழ். நாற்பது வருஷம் சினிமாக் கொட்டகை வாசலில் நின்றவன் நான். உள்ளே பேசிய வசனமெல்லாம் என் காதுக்குள் குடியிருக்கிறது. வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது.

சிரித்துக்கொள்ளுங்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் சிரிப்பு வராது.

இதோ இந்த மேசையைப் பாருங்கள். சோடா பாட்டிலுக்கும் பொன்னாடைக்கும் நடுவே ஒரு போன் கிடக்கிறது. யார் போன்? கலைமதியின் போன். மருந்துக்கடையில் வேலை பார்த்து, மீதி நேரத்தில் படம் பார்த்து, பார்த்ததை ஐந்து நிமிஷம் போனில் பேசிப் போடுகிற பிள்ளை. இந்தத் தாலுகாவில் பாதிப் பேர் அந்த ஐந்து நிமிஷத்தைக் கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் எடுக்கிறார்கள். அந்தப் போனை ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நம் இளைஞர்கள் வாங்கி இங்கே வைத்தார்கள். நம் ஊர்ப் பிள்ளை எடுத்த படத்தைப் பற்றி அவள் போட்ட வீடியோவை, இந்த மேடையில், உங்கள் எல்லார் முன்னாலும் அழிக்க வேண்டும். அழித்துவிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். இது அவர்கள் முடிவு. அதைப் பக்குவமாக எடுத்துச் சொல்வதற்குத்தான் என்னை மைக்கின் முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். இயக்குநருக்குத் தாத்தா, சினிமாவோடு கிடந்த கிழவன், நான் சொன்னால் அவள் தட்டமாட்டாள் என்று கணக்கு.

சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு கதை சொல்கிறேன். கேட்பீர்களா?

கேட்கிறோம் என்று தாய்மார்கள் பக்கம்தான் சத்தம் வருகிறது. அது போதும்.

அந்தக் காலத்தில் நம் ஊர்க் கொட்டகைக்கு நேர் எதிரே பஸ் நிற்கும். சாயங்கால ஆட்டத்துக்கு நான் வாசலில் டார்ச் விளக்கோடு நிற்பேன். வெள்ளிக்கிழமை புதுப் படம் வந்ததும் முதல் ஆளாக நான் பார்த்துவிடுவேன். மறுநாளிலிருந்து பஸ் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவர்கள் போஸ்டரைப் பார்க்கமாட்டார்கள், என் டார்ச்சைப் பார்ப்பார்கள். விளக்கு மேல் நோக்கி எரிந்தால் படம் தேறும், இறங்கலாம். தரையை நோக்கி எரிந்தால் தேறாது, அப்படியே புதுக்கோட்டைக்கு டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம். முதலாளிக்கு முதலில் கோபம்தான். பிறகு அவரே பார்த்தார். விளக்கு மேலே எரிந்த வாரம் கொட்டகை கொள்ளாது. கீழே எரிந்தது பொய் இல்லை என்று தெரிந்ததால்தானே மேலே எரிந்ததை நம்பினார்கள்? எழுதப் படிக்கத் தெரியாத என்னை நம்பி, ஓடுகிற பஸ்ஸிலிருந்து ஜனம் இறங்கியது. எனக்கு அதைவிடப் பெரிய பட்டம் எந்தக் காலேஜ் கொடுத்துவிடும்?

என்னைப் போலவே கருத்துச் சொல்ல இன்னொருத்தரும் இருந்தார். டீக்கடைக் கண்ணுசாமி. அவருக்கு அடிதடி இருந்தால் போதும், அது உலகத்திலேயே உத்தமமான படம். குடும்பக் கதை என்றால் கொட்டாவி. ஆகவே அவர் தூ என்று துப்பிய படத்துக்கெல்லாம் பெண்கள் பிள்ளைகுட்டிகளோடு தைரியமாகக் கிளம்பி வருவார்கள். அவர் சொன்னதும் உபயோகம்தான். சொல்கிற ஆளின் ருசி தெரிந்தால், திட்டுகூட வழி காட்டும். படம் நல்லதா கெட்டதா என்று மட்டும் கேட்டால் அது பாதிக் கேள்வி. எனக்கு ஆகுமா, என் வீட்டுக்கு ஆகுமா, இன்றைக்கு நான் இருக்கிற மனசுக்கு ஆகுமா? அதுதான் மீதிக் கேள்வி.

அந்த மீதிக் கேள்வியை ஒரு நாள் ஒரு பெண் என்னிடம் கேட்டாள்.

ஜன்னத் பீவி. கோட்டைப்பட்டினத்தில் பிறந்து நம் ஊருக்கு வாக்கப்பட்டு வந்த பிள்ளை. கல்யாணமாகி எட்டு மாசம். புருஷன் ஹாஜா முகைதீன் அடுத்த வாரம் சவூதிக்குக் கிளம்புகிறார். அந்தக் காலத்தில் போனால் போனதுதான், மூன்று வருஷத்துக்குக் கடுதாசியும் குரல் பதிந்து வரும் கேசட்டும்தான். தாய்வீட்டிலிருந்து புருஷனோடு திரும்பும் வழியில், பஸ்ஸை விட்டு இறங்கி நேரே என்னிடம் வந்தாள். "அண்ணே, சிரிக்கிற படந்தானே? இவுகள நல்லபடியா சிரிக்க வச்சு அனுப்பணும்ணே" என்றாள்.

என் கையில் டார்ச் மேலே எரிந்துகொண்டிருந்தது.

ஏன் எரிந்தது? படம் நன்றாக இருந்ததாலா? இல்லை. அந்தப் படத்தில் நம் ஊர்க்காரர் ஒருவர் நடித்திருந்தார். இரண்டே காட்சி. முதலாளி என் தோளில் கை போட்டு, "சேவுகா, நம்ம ஊர்ப் பெயர் வெள்ளித்திரையில வருதுடா, வெளக்கத் தாழ்த்திராத" என்றார். நானும் நெஞ்சை நிமிர்த்தினேன். நம் ஊர், நம் ஆள், நம் மண். விளக்கு தானாக மேலே போய்விட்டது. முதல் பாதி சிரிப்பு, இரண்டாம் பாதி முழுக்க அழுகை என்று எனக்குத் தெரியும். தெரிந்தே அந்தப் பிள்ளையிடம், "போங்க தாயி, வயிறு வலிக்கச் சிரிக்கலாம்" என்றேன்.

யாரப்பா அங்கே முணுமுணுப்பது? கதைக்கும் இங்கிட்டு நடப்பதற்கும் என்ன சம்பந்தம் என்கிறாயா? பொறு.

இடைவேளை முடிந்து அரை மணி நேரம். திரையில் வெளிநாட்டிலிருந்து ஒரு மரப்பெட்டி வந்து இறங்குகிறது. பெட்டிக்குள் கதாநாயகியின் புருஷன். கொட்டகையே அழுகிறது. நடுவரிசையில் ஒருத்தி எழுந்து நிற்கிறாள். வழி தெரியட்டும் என்று டார்ச்சை அடித்தேன். வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. ஜன்னத் பீவி. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. முகத்தில் ரத்தமும் இல்லை. ஹாஜா அவள் கையைப் பிடித்திருந்தார். என்னைக் கடந்தபோது நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்ணே, நீங்க பாத்துட்டுத்தானே சொன்னீங்க?"

அவ்வளவுதான். ஏசவில்லை. ஹாஜா நல்லபடியாகப் போய் நல்லபடியாகத்தான் திரும்பினார். ஆனால் அந்த மூன்று வருஷமும் தபால்காரர் தெருவில் திரும்பினாலே அந்தப் பிள்ளை வாசலில் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு வேறு தெருவழியே போயிருக்கிறேன். அதன்பிறகு அவள் கொட்டகைப் பக்கம் வரவேயில்லை.

இப்போது சொல்லுங்கள். கலைமதி என்ன செய்தாள்? நானும் அந்த வீடியோவைக் கேட்டேன், மூன்று தடவை கேட்டேன். முதல் பாதியை வாயாரப் புகழ்கிறாள். அதை ஏன் யாரும் சொல்லவில்லை? பிறகு சொல்கிறாள், "போஸ்டரப் பாத்துச் சிரிப்புப் படம்னு போகாதீங்க. கண்மாயில புள்ள மூழ்குறத பத்து நிமிஷம் காட்டுறாங்க. அந்த மாதிரிப் பறிகொடுத்தவங்க தயவுசெஞ்சு தவிர்த்துருங்க." இதுதான் குற்றம். இதனால்தான் படம் பார்க்க வர இருந்த வல்லத்திராக்கோட்டை வேன் அன்றைக்குக் கிளம்பவில்லை, நம் ஊர்ப் பெயர் கெட்டது என்கிறீர்கள்.

கண்ணா, மைக்செட்டுக்காரத் தம்பி, யார் சொன்னாலும் சரி, அந்த சுவிட்சிலிருந்து கையை எடு. நான் முடிக்கவில்லை.

வேன் ஏன் கிளம்பவில்லை என்று யாராவது போய்க் கேட்டீர்களா? நான் போனேன். பஸ் ஏறிப் போனேன். படம் மோசம் என்பதால் நிற்கவில்லை. அந்த வேனில் வர இருந்தவர்களில் ஒரு தாய், போன வருஷ மழையில் கண்மாய்க்குப் பிள்ளையைக் கொடுத்தவள். மாதக்கணக்காக வீட்டை விட்டு வெளியே வராதவளை, சிரிப்புப் படம் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்திருந்தார்கள். வேன் கிளம்பப் பத்து நிமிஷம் இருக்கும்போது இந்த வீடியோவைக் கேட்டு, டயர் பஞ்சர் என்று அவளிடம் பொய் சொல்லி இறக்கினார்கள். அந்தத் தாயின் பெயரை நான் சொல்லமாட்டேன். இங்கே இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது.

முணுமுணுத்த தம்பி, சம்பந்தம் புரிந்ததா?

பிரகதாம்பா, ஆத்தா, என்னை அப்படிப் பார்க்காதே. "மாமா, நீங்களாவது எம்புள்ள பக்கம் பேசுங்க" என்று காலையில் நீ கேட்டாய். அவன் பக்கம்தான் பேசுகிறேன். அவன் படத்தை நான் பார்த்தேன். அந்தக் கடைசிப் பாட்டு வேண்டாம் என்கிறாள் கலைமதி, எனக்கு அது பிடித்தது, அதில் அவளோடு எனக்குச் சண்டை. ஆனால் கண்மாய்க் காட்சியில் என் டார்ச் தரையைத்தான் பார்க்கும். பேரன் என்பதற்காக மேலே தூக்கமாட்டேன். ஒரு தடவை தூக்கி, நாற்பது வருஷமாகக் கை வலிக்கிறது. நாளைக்கு இவன் அருமையான படம் எடுப்பான். அன்றைக்குக் கலைமதி நன்றாக இருக்கிறது என்று சொன்னால் ஜனம் நம்ப வேண்டாமா? இன்றைக்கு அவள் வாயை அடைத்துவிட்டு, அன்றைக்கு யாரைப் பேசச் சொல்வாய்?

இந்த மேடையில் ஒரு மன்னிப்புக் கேட்டாக வேண்டும் என்றீர்கள். கேட்கத்தான் வேண்டும்.

ஜன்னத் பீவி, நீ இந்தக் கூட்டத்தில் இருந்தாலும் சரி, வீட்டில் மைக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாலும் சரி. சேவுகன் பார்த்துவிட்டுத்தான் சொன்னான். பார்த்துவிட்டுப் பொய் சொன்னான். என்னை மன்னித்துவிடு தாயி.

தலைவர் அவர்களே, போனை நான் எடுக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். இதில் எதைத் தொட்டால் பேசும், எதைத் தொட்டால் அழியும் என்று எனக்குத் தெரியாது. இங்கே வா கலைமதி. பிடி. வைத்துக்கொள்வதும் அழிப்பதும் ஒன் இஷ்டம். ஒன்றே ஒன்று மட்டும் ஊர் கேட்கச் சொல். நீ பாத்துட்டுத்தானே சொன்னே?

"பாத்துட்டுத்தான் தாத்தா சொன்னேன்."

மைக்கில் விழுந்ததா? கடைசி வரிசைக்குக் கேட்டதா? போதும்.

யாராவது இந்தப் பிள்ளைக்கு ஒரு நாற்காலி போடுங்கள். இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட உங்கள் காதுகளுக்கும், சுவிட்சை அணைக்காத கண்ணனின் கைக்கும் என் நன்றி. போய்வருகிறேன், வணக்கம்.